அந்தோணி ஊட்டு ஸ்டாரு

இல்ல சார், ஜோஷ்வா ஊட்ல நடந்தது எதையும் நான் கண்ணால பாக்கல. அவன் தங்கச்சி மோனிகா சொன்னத தான் சொல்றேன். அத மொதல்லயே சொல்லிட்றேன், அப்பறம் அந்தோணி பொண்ணு பிரின்சி பொய் சொன்னான்னு ஆயிடக் கூடாது. ஒக்காருங்க. மீஞ்சூர்லருந்து கிறிஸ்மஸ் ஸ்டாருக்கு மார்க் போட வந்திருக்கீங்க, ஆனா இப்பவே ஒண்ணும் எழுதிடாதீங்க. எங்க நைனா ஜிகினா பேப்பர் வாங்க கும்மிடிப்பூண்டி போயிருக்காரு, வந்துடுவாரு.

ஆமா சார், அதே ஸ்டாரு தான். மூணு வருஷமா நம்ம சர்ச் பங்குல ஃபர்ஸ்ட் பிரைஸ். இருவத்தஞ்சடி மூங்கில்ல ஜம்முன்னு நின்னது, இப்ப தண்ணித் தொட்டிகிட்ட சாஞ்சி கெடக்குது. யாரு எறக்குனாங்கன்னா, அதுக்கு ஜோஷ்வா கதைய கேக்கணும் சார்.

பக்கத்து ஊடு தான் அவன். எங்க தெருவுல டிகிரி முடிச்சது ரெண்டே பேரு, அவனும் நானும். சிப்காட்ல ஒரு இரும்பு கம்பெனியில கான்ட்ராக்ட்ல லோடு ஏத்திகினு இருக்கான். கம்ப்யூட்டர் வேல ஒண்ணுக்கு ஆன்லைன் இன்டர்வியூ வந்துது. இங்க டவரும் கெடைக்காது, கேபிளும் வராது. அவங்க மாமா வேல செய்ற இறால் பண்ணையில சேட்டிலைட் நெட்டு டிஷ்ஷு ரெண்டு இருக்குது, அதுல ஒண்ண ஒரு மாசத்துக்கு வாங்கியாந்து மாடியில வெச்சான்.

கம்ப்யூட்டரு அரதப் பழசு. விண்டோஸ் போட்டா மூச்சு வாங்குதுன்னு லினக்ஸ் போட்டிருந்தான். நெட்டு வந்துச்சி சார். ரெண்டு நிமிஷம் வரும், போயிடும். மறுபடி வரும், போயிடும். லினக்ஸுக்கும் டிஷ்ஷுக்கும் ஒத்துக்கலன்னு நெனச்சிகினு மூணு வாட்டி அழிச்சி அழிச்சி போட்டான். கருப்பு ஸ்கிரீன்ல வெள்ள எழுத்தா ஓடிகினே இருந்துச்சா, அவங்க அம்மா ரோசம்மா ஆன்ட்டி கம்ப்யூட்டருக்கு இன்னாமோ அடிச்சிடுச்சின்னு பயந்து, மந்திரிச்ச உப்ப கீபோர்டு மேல தூவி உட்டாங்க. என்டர் கீ இன்னும் நறநறங்குது.

சிரிக்காதீங்க சார், பாவம். மொத இன்டர்வியூல பேர சொல்லி முடிக்கிறதுக்குள்ள கட்டாயிடுச்சி. இன்னொரு வாட்டி தரோம், அதோட அவ்ளோதான்னுட்டாங்க. இன்னைக்கு மூணு மணிக்கு சார் அது.

காலையில தான் போன்ல டிஷ்ஷோட ஆப்ப ஒழுங்கா பாத்திருக்கான். வானத்த படமா காட்டுது, அதுல செவப்பா ஒரு திட்டு. வடக்க எதோ மறைக்குதாம். தலைய தூக்கிப் பாத்தா எங்க நைனாவோட ஸ்டாரு! காத்துல கிழியக் கூடாதுன்னு உள்ள முழுக்க தகரம் வெச்சி, மேல ஜிகினா ஒட்டியிருக்காரு. அது இந்தாண்ட ஆடுனா நெட்டு போவுது, அந்தாண்ட ஆடுனா வருது. லினக்ஸ் மேல ஒரு தப்பும் இல்ல.

டிஷ்ஷ நவுத்தலாமேன்னா, மத்த பக்கம் பூரா புளியமரம் சார். அந்த ஒரு மூல தான் தெறந்த வானம்.

நைனாகிட்ட வந்து கெஞ்சினான். ஃபாதர் மந்திரிச்சி ஏத்துன ஸ்டாரு, ஜனவரி ஆறு, மூணு ராஜாக்கள் திருநாளுக்கு முன்னாடி எறக்குனா ஊட்டுக்கு ஆவாது, நீ போயி ஒன் டிஷ்ஷ இறால் குட்டையில போடுடான்னுட்டாரு.

அப்பறம் இன்னா, நைனா சாப்ட்டு படுத்தாரு. ரெண்டே முக்காலுக்கு ஸ்டாரு எறங்கிடுச்சி. நைனா காத்துன்றாரு. தெரு ஜோஷ்வான்னுது. அவன் இல்லவே இல்ல சார். அவன் மேல நீல டை, கீழ லுங்கியோட கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காந்திருந்தான். நாப்பத்திரெண்டு நிமிஷம், ஒரு வாட்டி கூட கட் ஆவல.

லுங்கியா? இல்ல, அது மோனிகா சொல்லல. அவ வேலைக்குப் போயிருந்தா. எங்க மாடியிலருந்து அவன் ஜன்னல் தெரியும் சார். சரி, அது ஒண்ணு மட்டும் கண்ணால பாத்தேன்.

நைனாவுக்கு முட்டி வலி, ஏணி ஏற மாட்டாரு. ஸ்டாரு ஏத்துனப்ப முடிச்சு போட்டதே நான் தான். மெதுவா தான் அவுத்தேன், தொட்டியில இடிச்சி ஒரு முன கிழிஞ்சிடுச்சி. வேல கெடைச்சா எங்க ஊட்ல வந்து பேசுறேன்னு சொல்லியிருக்கான். ஸ்டாரு விஷயமா இல்ல சார், வேற.

நைனா பேப்பரோட வந்ததும் கிழிஞ்சத ஒட்டி ஏத்திடுவோம், அவருக்கு மார்க் கொறைக்காதீங்க. எறக்குனப்பறம் மனசு கேக்காம போட்டி நோட்டீஸ ரெண்டு வாட்டி படிச்சிட்டேன். சாயங்காலம் ஏழு மணிக்கு ஸ்டாரு எரியணும்னு தான் போட்டிருக்கு. மூணு மணிக்கு நிக்கணும்னு எங்கயும் போடல.