எருக்கிலை ஒத்தடம்

"எனக்கு மாமனைக் கட்டிக்க இஷ்டமில்லீங்கப்பா. கோயமுத்தூர்ல பள்ளிக்கூடத்து வேலை வந்திருக்குது. என்னைய அனுப்புங்க."

இதை மட்டும் அப்பாவிடம் கேட்டுவிடாதே என்று அம்மா பலமுறை சொல்லியிருந்தாள். வயிறு நிறைந்திருக்கும்போது அவர் நிதானமாக இருப்பார் என்பதால் சாப்பிட்டு எழுந்த நேரம் பார்த்துக் கேட்டேன்.

நான் குனிந்து எச்சில் இலையை எடுத்தபோது அவர் என் விலாவில் உதைத்தார். பிறகு, "பட்டுதா?" என்று கேட்டார். கேலிக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். உதைத்த காலுக்கு உதைத்ததே தெரியவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

என் அப்பா நாச்சிமுத்துவை மோசமான மனிதர் என்று சொல்லமாட்டேன். மல்லசமுத்திரத்தைச் சுற்றிப் பெண்பிள்ளையை பி.ஏ. வரை படிக்கவைத்தவர் அவர் ஒருவர்தான். கலெக்டருக்கு மனு எழுத வீட்டிலேயே ஆள் வேண்டும் என்று நினைத்தார். படிப்பு முடிந்ததும் தாய்மாமன் மயில்சாமிக்கு என்னைக் கொடுத்துவிட வேண்டும் என்றும் நினைத்தார். மாமனும் நல்லவர்தான். கையெழுத்துப் போடத் தெரியாததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அப்பாவுக்குக் கொஞ்ச காலமாகவே கால் மரத்துக்கொண்டிருந்தது. காட்டிலிருந்து வருவார், ஒரு செருப்பு வழியிலேயே கழன்று கிடக்கும், அவருக்குத் தெரியாது. முள் ஒடிந்து உள்ளே நின்றாலும் நடப்பார். அவர் ஒண்ணுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்தது. யாராவது குஷ்டம் என்று வாயைவிட்டுவிடுவார்களோ என்று அம்மா பயந்தாள். அதனால் சேலத்துக்குப் போனோம்.

வெள்ளைக்கார டாக்டர். தமிழ் சொல்ல ஒரு கம்பவுண்டர் பக்கத்தில் வந்து நின்றார். அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க உங்க சோலியப் பாருங்க தம்பி. எம்புள்ள பி.ஏ. படிச்சிருக்கறா."

டாக்டர் மூத்திரத்தை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். அது செங்கல் நிறத்துக்கு மாறியது. அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பாதத்தில் ஊசியால் குத்தினார். ரத்தம் துளிர்த்தது. அப்பா கண்ணை மூடியபடியே, "எப்பக் குத்துவாராமா?" என்றார்.

இது குஷ்டமில்லை, நீரிழிவு என்றார் டாக்டர். அதனால் கால் நரம்புகள் கெட்டுவிட்டன. தினம் ஊசி போட வேண்டும். அரிசியும் வெல்லமும் ஆகாது. ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னேன்.

"சோறு ஆகாதா? பின்னே மாட்டோட சேந்து மேயறதா?" என்று அப்பா சிரித்தார். ஊசியும் வேண்டாம் என்றார். அதையும் பிசகில்லாமல் இங்கிலீஷில் சொன்னேன்.

கடைசியாக டாக்டர் என்னைப் பார்த்து ஒன்று சொன்னார். சூடு எதுவும் அந்தக் கால்களின் பக்கம் வரக்கூடாது, வெந்நீர்கூட. சதை வெந்தாலும் அவருக்குத் தெரியாது. புண்ணானால் ஆறாது. உயிர் போகும்.

"என்ன சாமி சொல்றாரு?" என்று அப்பா என்னிடம் கேட்டார்.

"காலைப் பத்திரமாப் பாத்துக்கச் சொல்றாருங்கப்பா."

அது பொய்யில்லை, சுருக்கம். சுருக்கி எழுதுவதில் எனக்குக் கல்லூரியில் நல்ல மார்க்.

ஊருக்குத் திரும்பியதும் முகூர்த்தம் குறித்தார்கள். மரத்த காலுக்கு எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்வது ஒன்றுதான். செங்கல்லை அடுப்பில் போட்டுச் சுட்டு, அதன்மேல் எருக்கம் இலையைப் பரப்பி, பாதத்தை வைத்து அழுத்த வேண்டும். சூடு உறைத்ததும் காலை எடுத்துவிடுவார்கள். எவ்வளவு சூடு என்பதற்கு வேறு அளவு கிடையாது.

அம்மா சுட்டுக் கொடுத்தாள். நான் வைத்தேன்.

"உறைக்குதுங்களா?"

"இல்ல அம்மிணி. இன்னங்கொஞ்சம் சூடாக் கொண்டா."

கொண்டுபோனேன். அவருக்கு உறைத்துவிடுமோ என்று பயந்தேன். உறைக்கவேயில்லை என்றதும் அதைவிடப் பயந்தேன். இலை கருகும் வாசம் வந்தது. அடுத்து வந்தது இலையின் வாசம் இல்லை. அப்பா மாமனிடம் பந்தலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா மாப்ளே, பி.ஏ. படிச்சும் காலப் புடிக்கறா. உனக்குக் குடுத்து வெச்சிருக்குது."

மாமன் என் கையைப் பார்த்துச் சிரித்தார்.

ஒரு கொப்புளம் வந்தால் கல்யாணம் தள்ளிப்போகும். அவ்வளவுதான் நான் நினைத்தது. கொப்புளம் வந்தது. "அதுக்கென்ன, தாலி கட்டறது எங்காலா?" என்றார் அப்பா. அதனால் மறுநாளும் வைத்தேன், கொப்புளம் இருந்த இடத்திலேயே. அவர் கேட்டார், நான் வைத்தேன். பெரியவர்கள் சொல்லைத் தட்டக்கூடாது என்றுதானே என்னை வளர்த்தார்கள்.

விரல்கள் கறுத்தன, பிறகு பாதம். காய்ச்சலில் அவர் பிதற்றத் தொடங்கிய பிறகு முகூர்த்தத்தைத் தள்ளிவைத்தார்கள். நினைவு வரும்போதெல்லாம் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பையன் இல்லாத கொறையே தெரியல சாமி" என்றார். கையை உருவிக்கொள்ளப் பயமாக இருந்தது. வைத்திருக்கவும் பயமாக இருந்தது.

இன்று காலை மாமன் சேலத்துக்கு வண்டி பூட்டினார்.

"நீயும் ஏறு அம்மிணி. நீ இல்லாமெ அந்தத் தொரை பேசறது ஆருக்குப் புரியும்?" என்றாள் அம்மா.

காலைப் பார்த்ததும் அந்த டாக்டர் முதலில் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

"முன்னால போயிட்டிருங்கம்மா. துணி எடுத்துக்கிட்டு ஓடி வாரேன்."

பெட்டியை நேற்றே கட்டி வைத்திருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வைக்கோல் பரப்பி அப்பாவைப் படுக்கவைத்திருந்தார்கள். அவர் காலடியில் அம்மா ஒரு சட்டித் தணலையும் செங்கல்லையும் ஒரு கட்டு எருக்கம் இலையையும் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் காலும் சில்லுன்னு இருக்குதுடா மயிலு. போற வழியில இதுக்கும் ஒத்தடம் குடுத்துட்டே போலாம்."

பெட்டியை எடுத்துக்கொண்டு புழக்கடைக் கதவு வழியே வெளியே வந்தேன். சங்ககிரி ரயிலடிக்கு மேற்கே வரப்பு வழி போகிறது. வண்டி கிழக்கே திரும்பும் சத்தம் கேட்டது. நான் நிற்கவில்லை.

சூடு ஆகுமா, ஆகாதா என்று அம்மா என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.