எங்கள் தெருவின் கெயாகி மரங்கள் யாருக்குத் தொந்தரவு?

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, "சுருக்கமாகப் பேசுங்கள்" என்று என்னிடம் இருமுறை சொல்லியிருக்கும் தெருச் சங்கத் தலைவர் மொரிவாக்கி அவர்களே. நகராட்சிப் பூங்காத் துறையிலிருந்து வண்ணப் படங்களோடு வந்து ஒரு மணி நேரம் விளக்கம் தந்த அதிகாரி நிஷிகொரி அவர்களே. நான் என்ன சொல்லிவிடுவேனோ என்று இப்போதே முகம் கவிழ்ந்திருக்கும் முன்வரிசைப் பெரியோர்களே. கடையைச் சாத்திவிட்டு வந்த வணிகப் பெருமக்களே. அடுப்பை அணைத்துவிட்டு வந்த தாய்மார்களே. கணப்பு அடுப்பின் பக்கமாக இடம் பிடித்துக் கண்ணை மூடியிருக்கும் நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் குராமோச்சி ஹிசாயேயின் வணக்கம்.

இந்த மண்டபத்தில் யாரும் எதையும் மறுத்துப் பேசுவதில்லை. "யோசிக்கலாம்" என்போம். "அதுவும் சரிதான்" என்போம். வீட்டுக்குப் போய்க் கதவை மூடிக்கொண்டு பெருமூச்சு விடுவோம். நான் இன்று யோசிக்க வரவில்லை. மறுக்க வந்திருக்கிறேன்.

எதை மறுக்கிறேன்? நம் தெருவின் இருபுறமும் நிற்கும் கெயாகி மரங்களின் அடியில் போன வாரம் சிவப்பு நாடா கட்டினார்களே, அதை மறுக்கிறேன். தலைவர் அவர்களின் கைப்பையில் சங்கத்தின் முத்திரை இருக்கிறது. இன்றைய கூட்டம் தலையசைத்தால் அந்த முத்திரை சம்மதக் கடிதத்தில் விழும். முத்திரை விழுந்தால் மரம் அறுக்கும் வாள் வரும். வாள் வந்தால் நம் மரங்கள் போகும். அவை நின்ற இடத்தில் கற்பூர மரங்கள் வரும். என்றும் பசுமை, எங்கும் தூய்மை, எவருக்கும் தொல்லையில்லை என்று அதிகாரி அவர்கள் அழகாகச் சொன்னார்கள். இவ்வளவு அழகாகச் சொல்லப்பட்ட ஒன்றை நான் உடனே நம்புவதில்லை. கன்னியர் மடப் பள்ளியில் சிஸ்டர் க்ளோத்தில்து எனக்குக் கற்றுத்தந்த பாடங்களில் மிச்சம் நிற்பது அது ஒன்றுதான்.

அவர் சொன்ன காரணங்கள் மூன்று. மரம் அழுகிவிட்டது, ஆபத்து. கற்பூர மரத்துக்கு இலையே உதிராது. மூன்றாவதாக, தெரு மக்கள் பலர் தொலைபேசியில் புகார் செய்கிறார்கள்.

மரம் அழுகியிருக்கிறது. நான் மறுக்கவில்லை. எல்லா மரமும் அல்ல. ஆனால் சில அழுகியிருக்கின்றன. ஏன் அழுகின? ஆண்டுதோறும் இலை நிறம் மாறும் முன்பே ஏணி வண்டி வருகிறதே, எதற்காக வருகிறது? இலை விழுவதற்கு முன்பே கிளையை விழவைத்துவிட்டால் குப்பை அள்ளும் வேலை மிச்சம் என்பதற்காக வருகிறது. குளிர்காலத்துக்கு வேண்டிய உணவை இலைகளிலிருந்து மரம் உள்ளே இழுத்துக்கொள்கிற நேரத்தில், இலையையும் எடுத்து, கிளையையும் எடுத்து, கட்டைவிரல் போல ஒரு துண்டை மட்டும் விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தத் துண்டை மரத்தால் மூட முடியுமா? மூட முடியாத காயத்தில் மழை இறங்காதா? மழை இறங்கிய இடத்தில் காளான் முளைக்காதா? இலை விழும் என்று வெட்டினோம். வெட்டியதால் அழுகியது. அழுகியதால் வெட்டப் போகிறோம். நம்மைப் போன்ற ஒழுங்கான மக்கள் இப்படி ஒரு வட்டத்தை வேறு எதற்காகவாவது சகித்துக்கொள்வோமா?

கிளையை வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வெட்டுவதற்கு ஒரு காலம் உண்டு. இலையெல்லாம் உதிர்ந்து மரம் உறங்கும் காலம். வெட்டுவதற்கு ஓர் இடமும் உண்டு. பெரிய கிளையிலிருந்து சின்னக் கிளை புறப்படும் இடத்தில் ஒரு மேடு இருக்கிறது. அந்த மேட்டை விட்டு வெட்டினால் மரமே தன் பட்டையால் காயத்தை மூடிக்கொள்ளும். உச்சியை நறுக்காமல் உள்ளே நெருக்கத்தைக் குறைத்தால் காற்று புகுந்து போகும். நான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஐயம் வந்த இடத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பூங்காத் துறைக்கு இது தெரியாது என்று சொல்லமாட்டேன். அவர்கள் செய்வதில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

(நடுவரிசையிலிருந்து ஒரு குரல்: "கற்பூர மரம் இலை உதுக்காதுல்ல, அது நல்லதுதானே?")

உதிர்க்கும், ஐயா. இளவேனிலில், புதுத் தளிர் வரும்போது, பழைய இலை முழுவதையும் உதிர்க்கும். நீங்கள் துடைப்பத்தைக் கழுவிக் காயவைத்து உள்ளே வைத்த பிறகு உதிர்க்கும். (சிரிப்பு)

சிரிப்பு போதும். இலையைவிடப் பெரிய செய்தி பனி. கற்பூர மரம் தெற்கே, வெதுவெதுப்பான கடற்கரையில், கோயில் முற்றத்தில் மலை போல வளரும் மரம். அங்கே அதைப் பார்த்தால் நானும் கைகூப்புவேன். ஆனால் நம் ஊர்ப் பனி எப்படிப்பட்டது? வடக்குத் தீவில் விழுகிறதே, ஊதினால் பறக்கும் மாவு, அதுவா நம் பனி? கடலிலிருந்து ஈரத்தை மொண்டுகொண்டு வந்து, நனைந்த மெத்தை போலக் கூரையில் உட்காரும் பனி. ஆண்பிள்ளைகள் மண்வாரியோடு ஏறி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கும் பனி. அந்தப் பனி வரும்போது கெயாகி என்ன செய்கிறது? தன்னிடம் இருந்ததையெல்லாம் ஏற்கெனவே கொடுத்துவிட்டு வெறுங்கிளையாய் நிற்கிறது. பனிக்கு உட்கார இடமில்லை. அதே பனி வரும்போது கற்பூர மரம் என்ன செய்கிறது? ஒவ்வொரு இலையையும் தட்டு போல ஏந்துகிறது. ஏந்தி, சுமந்து, வளைந்து, முறிகிறது.

நான் கதை சொல்லவில்லை. ரயில் நிலையத்து வாசலில் நட்ட கற்பூர மரங்களைப் பாருங்கள். முதல் குளிர்காலத்திலேயே பாதி பிளந்தன. இப்போது அவற்றுக்கு மூங்கில் ஊன்றுகோல், வைக்கோல் சட்டை, தலைக்கு மேலே கயிறு. ஊருக்கு வருகிறவர்கள் ரயிலை விட்டு இறங்கியதும் எலும்பு முறிவு வார்டுக்குள் நுழைந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அந்த வார்டை நம் தெரு வரை நீட்டவா இந்த முத்திரை? கோடையில் நமக்குக் கூரையாகி, குளிரில் வெயிலுக்கு வழிவிட்டு, இந்தக் காற்றையும் இந்தப் பனியையும் இந்த மண்ணையும் அறிந்த மரம் இருக்க, அறியாத மரத்தைக் கொண்டுவந்து ஆயுள் முழுக்கக் கட்டுப்போட்டுக் காப்பதற்குப் பெயர் மரம் வளர்ப்பா? (கைதட்டல்)

இனி மூன்றாவது காரணம். புகார்.

பலர் புகார் செய்கிறார்கள் என்றார் அதிகாரி. யார் என்று கேட்டேன். சொல்ல விதி இடம் தராது என்றார். விதிதான் அவர் வாயைக் கட்டியது. என் காலை யாரும் கட்டவில்லை. காலையில் வாசல் பெருக்கும் நேரத்தில் வீடுவீடாகப் போனேன்.

நாம் எப்படிப் பெருக்குகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். நம் வீட்டு வாசல் முழுவதும் பெருக்கி, எல்லையைத் தாண்டி அடுத்த வாசலில் ஒரு முழம் பெருக்குவோம். தாண்டாமல் நின்றால் கல்நெஞ்சம். அதிகம் தாண்டினால் "உன் வாசல் அழுக்காக இருக்கிறது" என்று சொன்னதாகிவிடும். ஒரு முழம்தான் மரியாதை. அந்த ஒரு முழத்தில் எல்லோரும் எல்லோரையும் பார்த்துவிடுவோம்.

சுட்ட அரிசி வில்லைக் கடை தோமியே-சானிடம் முதலில் கேட்டேன். நகராட்சிக்குப் போன் போட்டாயா என்றேன்.

"போட்டேன் ஹிசாயே-சான். ஆனா எனக்காக இல்ல, சத்தியமா. இலை விழுறது எனக்கு அழகாத்தான் இருக்கு. எதுத்த வீட்டு கென்சோ-சான் முதுகைப் பிடிச்சிக்கிட்டுப் பெருக்குறாரு, பாக்கச் சகிக்கல."

சாலையைக் கடந்தேன். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற கென்சோ-சான் துடைப்பத்தோடு நின்றார்.

"நானா? நானும் போட்டேன். எனக்கென்ன, பெருக்குனாத்தான் இடுப்பு சொன்ன பேச்சு கேக்குது. இல்லன்னா நாளெல்லாம் டிவி முன்னாடி உக்காந்திருப்பேன். தோமியே கடை வாசல்ல ஈர இலை வழுக்கி வாடிக்கைக்காரங்க விழுந்துட்டா, பாவம் அவ என்ன பண்ணுவா?"

"யாராவது விழுந்தாங்களா?"

"விழல. விழுந்துட்டா என்ன ஆகும்னு சொன்னேன்."

இப்படியே தெரு முழுக்க. இவர் அவருக்காக. அவர் இவருக்காக. தனக்காகப் பேசியவர் ஒருவரும் இல்லை. கடைசியாகத் தெருமுனையில் ஒரு பெரிய வீட்டு வாசல். உள்ளே இருந்தவர், மன்னிக்க வேண்டும் தலைவர் அவர்களே, நீங்கள்தான்.

"மொரிவாக்கி-சான், நீங்க யாருக்காகப் போன் போட்டீங்க?"

நீங்கள் தொண்டையைச் செருமினீர்கள். "அது வந்து... உங்க வீட்டுக்காரர் தெய்ஜி-சானும் போயிட்டாரு. நீங்க தனியா, இந்த வயசுல, துடைப்பமும் கையுமா... பாக்குறவங்க எங்களைத்தானே கேப்பாங்க."

எனக்காக. இந்த மரங்கள் எனக்காக வெட்டப்படப் போகின்றன. என் கணவர் உயிரோடு இருந்தவரை ஒரு கூட்டத்திலும் எனக்காகப் பேசியதில்லை. பேசினால் நான் விடமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். அவர் போன பிறகு தெருவே எனக்காகப் பேசக் கிளம்பிவிட்டது. (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)

தலைவர் அவர்களே, உங்கள் அன்பை நான் அறிவேன். அந்த அன்பையும் நான் மறுக்கிறேன்.

இப்போது இந்த அவையைக் கேட்கிறேன். அடுத்தவருக்காக அல்ல, அண்டை வீட்டுக்காக அல்ல, வயதானவர்களுக்காக அல்ல. தனக்காக, தன் பெயரில், இந்த மரம் எனக்குத் தொந்தரவு என்று சொல்பவர் யார்? கை தூக்குங்கள். காத்திருக்கிறேன்.

(பின்வரிசையில் சைக்கிள் கடை ஃபுகாயா மெல்லக் கை தூக்குகிறார்.)

வாருங்கள், ஃபுகாயா-சான். அவரை யாரும் திரும்பி முறைக்க வேண்டாம். சொல்லுங்கள்.

(ஃபுகாயா: "எனக்குத் தொந்தரவுதாங்க. கிளை ஒண்ணு எங்க கூரை மேலயே கிடக்குது. வருஷா வருஷம் இலை போயி கூரையோட மழைத்தண்ணிக் குழாய் அடைச்சி, சுவரெல்லாம் ஊறுது. வெட்டணும்னு நான் போன் போடல. யார்கிட்ட சொல்றதுன்னே தெரியல.")

கேட்டீர்களா? இந்த மண்டபத்தில் இன்று சொல்லப்பட்ட நேர்மையான சொல் இதுதான். பெரியோர்களே, இவருடைய தொந்தரவுக்கு ஒரு கூரை இருக்கிறது, ஒரு குழாய் இருக்கிறது, ஒரு கிளை இருக்கிறது. அந்தக் கிளையை இலையுதிர்ந்த பிறகு, அந்த மேட்டை விட்டு, முறையாக எடுக்கலாம். குழாயின் மேல் வலை போடலாம். சுவர் காயும், மரமும் நிற்கும். பெயர் சொல்லி வந்த குறைக்கு வைத்தியம் உண்டு. பெயர் இல்லாமல் வந்த குறைக்கு நகராட்சியிடம் இருப்பது வாள் ஒன்றுதான். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அடிமரத்தில் வைக்கும்.

ஆகவே நான் வேண்டுவதைச் சொல்கிறேன். தெருமுனையில் குளியல் கூடத்தின் எதிரே நிற்கும் மரம் அடிவரை அழுகிவிட்டது. தட்டினால் பறை போல ஒலிக்கிறது. அதை வெட்டட்டும். எனக்கு வருத்தம்தான், ஆனாலும் வெட்டட்டும். வெட்டிய இடத்தில் இந்தப் பனியைத் தாங்குகிற இன்னொரு கெயாகிக் கன்றை நடட்டும். மற்ற மரங்களின் நாடாவை அவிழ்க்கட்டும். இலை பச்சையாக இருக்கும்போது ஏணி வண்டி இந்தத் தெருவுக்குள் நுழையக் கூடாது. வேரின் கழுத்தை நெரிக்கும் சிமெண்டை அகற்றி மண்ணை மூச்சுவிட விடட்டும். அதிகாரி நிஷிகொரி அவர்களே, நீங்கள் நல்லெண்ணத்தோடு வந்தீர்கள். இல்லாத புகாரை உங்களிடம் கொடுத்தவர்கள் நாங்கள். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்திருக்கிறோம். தலைவர் அவர்களே, அந்தக் கைப்பையைத் திறக்க வேண்டாம்.

தோமியே தனக்காகப் பேசட்டும். கென்சோ தனக்காகப் பேசட்டும். எனக்காக நானே பேசிக்கொள்வேன். என் வாசலின் இலையை என்னால் பெருக்க முடியாத நாள் ஒன்று வரும். வந்தால் அன்று காலையே உங்கள் ஒவ்வொரு கதவையும் தட்டி, "முடியவில்லை, வந்து பெருக்குங்கள்" என்று நானே கேட்பேன். கேட்க எனக்கு வெட்கமில்லை. ஆனால் கேட்கும் வரை, என் பெயரைச் சொல்லி ஒருவரும் ஒரு கிளையைத் தொடக்கூடாது.

பொறுமையோடு கேட்டவர்களுக்கும், பொறுக்கமுடியாமல் கேட்டவர்களுக்கும், கை தூக்கிய ஒருவருக்கும் என் நன்றி. சிவப்பு நாடாவை அவிழ்க்கக் கத்தரிக்கோல் கொண்டுவந்திருக்கிறேன். அதிகாரி அவர்கள் அனுமதித்தால் அவருடனே வெளியே போகிறேன். வணக்கம்.