பன்னிரண்டாவது இயந்திரம்

எனக்கு மாடிப்படி ஏறுவது பிடிக்கும், ஐயா. பத்தொன்பது வருடமாகத் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியதில் சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் என்னை அண்டவில்லை.

எங்கள் கம்பெனியில் மாதம் பன்னிரண்டு விற்றால் சம்பளம். பதினொன்று விற்றால் கைகுலுக்கல். மேனேஜர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், நல்ல மனிதர். உட்காரச் சொல்லிவிட்டுத்தான் திட்டுவார். இரண்டு மாதம் எனக்குக் கைகுலுக்கல்தான் கிடைத்தது. மனைவி தன் அண்ணன் வீட்டிலிருந்து அரிசி வாங்கிவந்து உலை வைத்தாள். அந்தச் சோற்றை நான் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

விற்பதற்கு எங்களிடம் ஒரு வித்தை உண்டு. குழாய்த் தண்ணீரை டம்ளரில் பிடித்து, இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சினால் தண்ணீர் சேறு மாதிரி ஆகிவிடும். பார்ப்பவர்களுக்குக் குமட்டும், கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். உண்மையில் கம்பி கரைவதால் வரும் நிறம் அது. நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றில், ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார் இதை எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே விளக்கி என் மானத்தை வாங்கிவிட்டார். அதன்பிறகு அங்கே எனக்குக் கதவு திறந்தவர்கள் குறைவு.

மேனேஜரிடம் இதைச் சொன்னேன். அவர், “ஜனங்களுக்குப் பயம் விட்டுப்போச்சுண்ணே. பயம் வந்தா அவங்களே உங்களத் தேடி வருவாங்க. இந்த மாசமும் பன்னெண்டு வரலன்னா பையை வச்சிட்டுப் போயிடுங்க,” என்றார். மேலிடம் சொன்னதை நான் தட்டியதே இல்லை.

மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. பதினொன்று முடித்திருந்தேன். அந்தக் குடியிருப்பில் தரைத்தளத்துப் பெண் மட்டும் கதவைத் திறந்தாள். இடுப்பில் மூன்று வயது மகன், உள்ளே தொட்டிலில் கைக்குழந்தை.

“தண்ணி நல்லாத்தானே வருது அண்ணா, இது எதுக்கு?” என்றாள்.

நியாயமான கேள்வி. அவளிடம் நான் வாதாடவில்லை.

மறுநாள் மதியம், எல்லோரும் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில், பின்பக்கச் சாக்கடையில் இரண்டு வாளி மொண்டுகொண்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். இங்கே ஸ்டேஷனில் நீங்கள் எடுத்து வைத்திருக்கும் நீல வாளிகள் என்னுடையவைதான். தண்ணீர்த் தொட்டியின் மூடி நல்ல கனம். ஊற்றி முடித்ததும் திரும்பச் சரியாக மூடிவைத்தேன். பல்லி கில்லி விழுந்துவிடக் கூடாது பாருங்கள்.

மூன்றாம் நாள் வாத்தியாரே போன் செய்தார். குரலில் சிரிப்பு இல்லை. வீட்டுக்கு வீடு வாந்தி, வயிற்றுப்போக்கு. அந்த ஒரு கட்டடத்திலேயே பதினான்கு இயந்திரம் போயிற்று. மேனேஜர் என் படத்தை அலுவலகச் சுவரில் மாட்டினார். மனைவி அண்ணன் வீட்டு அரிசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். அன்று நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

தரைத்தளத்துப் பையன் மட்டும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. சின்ன உடம்பு, தாங்கவில்லை என்றார்கள். மறுவாரம், தொட்டிலில் இருக்கும் குழந்தைக்காக, அவளும் ஒன்று வாங்கினாள். நானே போய்ப் பொருத்தினேன். அவள் அழுதுகொண்டே என்னைக் கும்பிட்டாள். அன்றே இந்த அண்ணன் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும் என்று கணவனிடம் சொன்னாள்.

எல்லா வீட்டிலும் பொருத்தும் கூலி வாங்கினேன், ஐயா. அந்த ஒரு வீட்டில் வாங்கவில்லை. எனக்கும் மனசாட்சி இருக்கிறதல்லவா.