ஆறாம் காம்பராவின் ஏழு சோடிச் செருப்பு

ஓடுகிறேன். மழை. தேயிலைச் செடிகள் முழங்காலைக் கிழிக்கின்றன. கேமரா நெஞ்சில் இடிக்கிறது. பின்னால் சத்தம். லொறியிலிருந்து கருங்கல் கொட்டுவது போல. கொட்டி முடியவேயில்லை.

"பள்ளிக்கூடத்துப் பக்கம் ஓடுங்க! ரோட்டுக்குப் போகாதீங்க! மண்ணு வருது!"

யார் குரல் என்று தெரியவில்லை. புதன்கிழமை. மாலை நான்கு பதினேழு. சத்தம் தொடங்கியதும் கடிகாரத்தைப் பார்த்தேன். அது என் பழக்கம். திரும்பிப் பார்க்கிறேன். மேல் லயத்தின் வரிசை வீடுகளில் பாதி இல்லை. ஆறாம் காம்பரா இல்லை.

இலங்கையில் நமுனுகுல மலைப் பக்கத் தேயிலைத் தோட்டம் அது. நான் பதுளையில் படம் எடுப்பவள். கொழும்பில் வேலை போய், வாடகை கட்ட முடியாமல், லயத்துக்கே திரும்பிய குடும்பங்களைப் படமெடுத்து வந்தேன். ஒற்றை அறைதான் ஒரு காம்பரா; அதில் இரண்டு குடும்பம். நேரம், காம்பரா இலக்கம், ஆட்கள். எல்லாம் குறித்துக்கொள்வேன்.

அன்று மூன்று ஐம்பத்திரண்டுக்கு ஆறாம் காம்பரா. முருகேசு, மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள் வாசலில் நின்றார்கள். கொழும்பிலிருந்து வந்த தங்கை செல்வி, அவள் கணவன், மகள் கவிதா மூவரும் கதவுக்குப் பின்னால்.

"எங்க மூஞ்சி வேணாங்கக்கா. தோட்டத்து ஆபீசுல பார்த்தா அண்ணனையும் சேத்துக் காலி பண்ணச் சொல்லுவாங்க. கேட்டா, நாங்க தெமோதரைக்குப் போயிட்டோம்னுதான் சொல்லி வச்சிருக்கு," என்றாள் செல்வி.

"கொழும்புக்காரி மூஞ்சி. சும்மா காட்டமாட்டா," என்றார் முருகேசு.

"ஒங்க மூஞ்சியவே கேமரா தாங்கணுமேண்ணே!"

எல்லோரும் சிரித்தார்கள். அதுதான் படம்.

செல்வி குடும்பத்தின் முகத்தை எடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். வாசலில் செருப்புகள் சிதறிக் கிடந்தன. படத்தில் ஒழுங்காக இருக்கட்டும் என்று முன்பே நானே சோடி சேர்த்து அடுக்கியிருந்தேன். பிறகு கீழ் லயத்துக்கு இறங்கினேன்.

வியாழன். காலை பத்து நாற்பது. நான்கு உடல்கள் கிடைத்துவிட்டன. தோட்டப் பதிவில் ஆறாம் காம்பராவுக்கு நான்கு பேர். மண் அள்ளும் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். மேலே மலை இன்னும் நகர்கிறது. ஆட்களை இறங்கச் சொல்கிறார்கள்.

செல்வி குடும்பம்? பக்கத்துக் காம்பராக்காரர்களைக் கேட்டேன். தெமோதரைக்குப் போய்விட்டார்களாம். செல்வி சொல்லி வைத்தது. எல்லோரும் நம்பிவிட்டார்கள். அவர்கள் உள்ளே இருந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நானும் இரவு முழுவதும் நம்பியிருந்தேன்.

சொன்னால், மற்றக் காம்பராக்களில் ஒளிந்திருப்பவர்களையும் தேடுவார்கள். காலி பண்ணச் சொல்வார்கள். வாக்கும் கொடுத்திருக்கிறேன். இரண்டு நிமிடம் பேசாமல் நின்றேன். அந்த இரண்டு நிமிடத்தையும் இங்கே எழுதியாக வேண்டும்.

பிறகு மீட்புப் பணி அதிகாரியிடம் கேமராவை நீட்டினேன். நிற்பவர்கள் நான்கு பேர். செருப்பை எண்ணுங்கள் என்றேன். ஏழு சோடி. படத்தின் மூலையில் நேரம்.

இயந்திரம் மறுபடி உறுமியது. பன்னிரண்டு ஐந்து.

"நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க! முனகல் கேக்குது!"

கதவுப் பலகைக்கு அடியில் கவிதா. உயிரோடு. அவள் மேல் கவிழ்ந்தபடி செல்வி. உயிரில்லை. கணவனும் இரண்டு அடி தள்ளி, உயிரில்லாமல்.

சனிக்கிழமை அடக்கம். ஆறு பெட்டி. நான்கின் மேல் என் படத்திலிருந்து எடுத்த முகங்கள். இரண்டின் மேல் ஒன்றுமில்லை. அடையாள அட்டை, கைப்பேசி எல்லாம் மண்ணோடு போயின.

"அம்மா படம் ஒண்ணு தாங்க," என்றாள் கவிதா. வயது ஏழு.

தேடினேன். கதவிடுக்கில் நான்கு விரல்கள் மட்டும். பெரிதாக்கிக் கொடுத்தேன். அவள் விரல்களை அடையாளம் கண்டுகொண்டாள்.

இழந்தவை: ஆறாம் காம்பராவில் ஆறு உயிர். ஏழு சோடியில் கிடைத்தது மூன்றே செருப்பு, எதற்கும் சோடி இல்லை. செல்வியின் முகம்.