மூணாவது ஒயரு

பிரியா: மறுக்காவும் பார்சலா? இது எத்தனாவதுங்க?

கந்தவேல்: மூணாவது. இதோட சரி புள்ள.

பிரியா: போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. மழைக்கு போர் போடற ரிக்கு வண்டிய நிறுத்திட்டு ஊட்டுக்கு வந்தாலும் வந்தீங்க, ஒரு இயர்போனு, மூணு மாசத்துல அதுக்கு மூணு ஒயரு.

கந்தவேல்: சும்மா இயர்போனா இது? மேடையில பாடறவங்க காதுல மாட்டறது. ஒயரைத் தனியாக் கழட்டி மாத்திக்கலாம். போன மாசம் வந்தது செம்புக்கம்பி மேல வெள்ளி முலாம். இது... முழுக்க வெள்ளி.

பிரியா: கண்ணாலமாயி எட்டு வருசமா ஒரு கொலுசுக்குச் சொல்லிட்டிருக்கேன். உங்க காதுக்கு முந்திக்கிச்சா வெள்ளி?

கந்தவேல்: வாங்கலாம், வாங்கலாம். இங்க வந்து உக்காரு. கூலர்க் காத்து இந்தப் பக்கந்தான் வருது.

பிரியா: இருக்கட்டுங்க. எனக்கு இந்தப் பக்கமே சௌரியம்.

கந்தவேல்: பாரு, எட்டு இழை. சடை மாதிரி பின்னியிருக்கறாங்க.

பிரியா: பின்னலு நல்லாத்தான் இருக்குது. பாட்டு நல்லாக் கேக்குமுங்களா?

கந்தவேல்: கம்பி சுத்தமா இருந்தாத்தான் சத்தம் சிதறாது. பழசுல நாதசுரம் நடுவுல நிக்கவே மாட்டேங்குது. இடது பக்கமாச் சாஞ்சு போவுது.

பிரியா: வாசிக்கறவருக்குக் கால் வலியோ என்னமோ.

கந்தவேல்: கிண்டல் பண்ணாத. வலது பக்கத்து ஒயருல சத்தம் கம்மி. தவுலு இருக்கறதே தெரியல.

பிரியா: மொத ஒயருலயும் வலது பக்கந்தான் கம்மின்னீங்க.

கந்தவேல்: ஆமா.

பிரியா: ரெண்டாவதுலயும்...

கந்தவேல்: ஆமாங்கறேனே. என்ற நேரம் அப்படி.

பிரியா: சரி, மாட்டிக் கேளுங்க.

கந்தவேல்: இரு... இதா... ம்.

பிரியா: நாதசுரக்காரரு நிமுந்து நின்னுட்டாருங்களா?

கந்தவேல்: இரு, சத்தத்தக் கொஞ்சம் ஏத்திப் பாக்கறேன்.

பிரியா: ஏனுங்க?

கந்தவேல்: புது ஒயரு பாரு. நூறு மணி நேரம் ஓடோணும். அப்பறந்தான் பதத்துக்கு வரும்னு எல்லாரும் சொல்றாங்க.

பிரியா: ரிக்குக்குப் பாறை ஒடைக்கற ஹேமர் புதுசாப் போட்டாக்கூட நூறு மணி நேரம் பொறுக்க மாட்டீங்க நீங்க. ஒண்ணு பண்ணுங்க. ஒயர் முனைய மாத்திச் சொருகுங்க. வலதை இடதுல, இடதை வலதுல. ஒயரு மேல குத்தம்னா இப்ப இடது காதுலதான சத்தம் கொறையோணும்?

கந்தவேல்: அப்படியெல்லாம் சொருகக் கூடாது. முனை வளைஞ்சு போயிரும்.

பிரியா: ரெண்டும் ஒரே முனைதானுங்க. குடுங்க இக்கட்ட... இந்தாங்க. மாட்டுங்க.

கந்தவேல்: சித்த டீ வெய்யி பிரியா.

பிரியா: வெக்கறேன். எந்தப் பக்கமுங்க கம்மி?

கந்தவேல்: ...வலதுதான்.

பிரியா: அப்ப ஒயரு நல்ல ஒயருங்க.

கந்தவேல்: இயர்போன்லயே கோளாறா இருக்கும். திருப்பி அனுப்பீர்றேன்.

பிரியா: அதுலயும் ஒண்ணுமில்லீங்க. வந்தன்னிக்கே நீங்க குளிக்கப் போனப்ப நா மாட்டிக் கேட்டுட்டேன். ரெண்டு பக்கமும் கணீர்னு இருந்துச்சு.

கந்தவேல்: ...கேட்டயா நீ.

பிரியா: பன்னண்டு வருசமா போர் போட லீவர் புடிச்சு நிக்கறீங்க. காது கிழியறாப்பல கத்தற கம்ப்ரசரு உங்களுக்கு எந்தப் பக்கமுங்க?

கந்தவேல்: வலது பக்கம்.

பிரியா: காத மூடிக்கிட்டு நில்லுங்கன்னு எத்தன தடவ சொன்னேன்...

கந்தவேல்: மூடுனா ஹேமர் சத்தம் எப்படிக் கேக்கும்? உள்ள பாறையா, பொதமண்ணா, தண்ணி வருதான்னு அந்தச் சத்தத்த வெச்சுத்தான் சொல்றேன். அதுக்குத்தான் லீவர எங்கையில குடுத்திருக்கறாங்க. அடுத்த வாரம் வண்டி ராய்ப்பூர் கெளம்புது. காது மந்தம்னு தெரிஞ்சா மொதலாளி வேற ஆளப் போட்டுருவாரு. அதான்... ஒயருதான் கெட்டுப் போச்சுன்னு இருந்துட்டாத் தேவலைன்னு...

பிரியா: தெரிஞ்சேவா மூணும் வாங்குனீங்க?

கந்தவேல்: மொதல்ல தெரியல. ரெண்டாவது வந்தப்பத் தெரிஞ்சு போச்சு. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒரே வெசனம். பயமாவும் இருந்துச்சு புள்ள.

பிரியா: வெசனப்படாதீங்க. வியாழக்கெழம சேலத்துல காது டாக்டருகிட்டப் போறோம். எவ்வளவு கேக்குது, என்ன வைத்தியம்னு பாத்துட்டு, மொதலாளிகிட்ட ரெண்டு பேருமே போயிப் பேசலாம். டோக்கன் போட்டுட்டேன்.

கந்தவேல்: போட்டுட்டயா? உனக்கு இன்னைக்குத்தானே தெரியும்?

பிரியா: ஆடியில மாரியம்மன் நோம்பியப்பவே தெரியுமுங்க. பின்ன எதுக்கு, கூலர்க் காத்தே வராத எடத்துல, உங்களுக்கு இடது பக்கமாவே இத்தன மாசமா வந்து உக்காந்துட்டிருக்கறேன்?