காணும் பொங்கலன்று நான் மாட்டிவிட்ட ஸ்வெட்டர்

பொறுமையும் பொறுப்பும் பொலிந்து விளங்க அவையின் நடுவே அமர்ந்திருக்கும் நம் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத் தலைவர், வண்ணாரப்பேட்டைத் தார்ப்பாய் வணிகர், என் அன்பு அண்ணன் அலி அக்பர் அவர்களே! முழங்கால் வலியை முணுமுணுக்காமல் மூன்று மாடி இறங்கி வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்னையர்களே! கைப்பேசியில் ஒரு கண்ணும் என்மேல் ஒரு கண்ணுமாக இருக்கும் இளைஞர்களே! பந்தலுக்கு வெளியே, விழா முடிந்ததும் பெருக்குவதற்காகத் துடைப்பத்தோடு காத்து நிற்கும், இதுவரை எந்த மேடையிலும் நான் விளித்தறியாத தோழர்களே! துறைமுகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்று, இன்று உங்கள் செயலாளராக இருக்கும் ஆறுமுகநயினாரின் வணக்கம்.

எனக்கு இன்று 'கொடைச் செம்மல்' என்று பட்டம் தரப்போகிறீர்கள். சால்வை தட்டில் தயாராக இருக்கிறது. கைதட்டாதீர்கள், வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். எனக்குப் பின்னால் இருக்கும் பேனரில் ஒரு படத்தின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறதே, அது ஏன் என்று காலையிலிருந்து பத்துப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒட்டியவன் நான்தான். ஏன் ஒட்டினேன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். சொல்லி முடித்தபின் அந்தச் சால்வையை என்ன செய்வது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

போன போகியை நினைத்துப் பாருங்கள். கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகையை எதிர்த்துக் கையெழுத்து வாங்கியவர்கள் நாம். நாமே பழைய பாயைக் கொளுத்தினால் ஊர் சிரிக்காதா? எனவே எரிக்க வேண்டாம், ஏழைகளுக்குக் கொடுப்போம் என்றேன். என்ன அருமையான யோசனை என்றீர்கள். வீடு வீடாகப் பரண் இறங்கியது. அலமாரி திறந்தது. மூட்டைகள் முளைத்தன. என்னென்ன வந்தன? ஜிப் அறுந்த பை வந்தது. ஒற்றைக்கால் செருப்பு வந்தது. பிடி உடைந்த குக்கர் வந்தது. கொடைக்கானல் சுற்றுலாவுக்கு எடுத்து, ஒரே நாள் போட்டு, பூச்சி அரித்த ஸ்வெட்டர்கள் ஏழு வந்தன. எரிக்கத் தயங்கியதைக் கொடுக்க நாம் தயங்கவில்லை!

என் வீட்டுக் கதையையும் கேளுங்கள். என் மனைவி செண்பகவடிவு கேக் செய்வதில் கெட்டிக்காரி என்பது உங்களுக்குத் தெரியும்; உங்கள் பிள்ளைகளின் பிறந்தநாள்கள் அறியும். கொடுப்பதோடு கேக்கும் தருவோம் என்று அறுபது கப் கேக் செய்தாள். முதல் ஈடு அடிப்பிடித்துவிட்டது. "இதத் தூரப் போடுங்க, வேற செஞ்சு தாரேன்" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லதை விருந்தினருக்கு வை. கருகினதை அங்கே கொடுத்துக்கலாம், அவங்களுக்கு என்ன தெரியப்போவுது?" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் அன்று கண்டுகொள்ளவில்லை. இன்று நினைத்தால் முதுகு கூசுகிறது.

எங்கே கொடுப்பது? நம் குப்பையை அள்ளும் தொழிலாளர்கள் எம்.கே.பி. நகர் வீட்டு வசதிக் குடியிருப்பில் இருக்கிறார்கள் என்றார் அவர்களுடைய மேஸ்திரி. எப்போது கொடுப்பது? காணும் பொங்கலன்று என்றேன். அன்றுதான் காலை வேலை முடிந்து எல்லோரும் வீட்டில் இருப்பார்களாம்! வேன் பிடித்து, காலையில் தருமம், மதியம் எண்ணூர் கடற்கரை. நமக்கும் ஓர் உல்லாசப் பயணம் ஆயிற்று. ஆகா, எப்பேர்ப்பட்ட மூளை!

அங்கே போய் இறங்கினோம். மேஸ்திரி சொல்லிவைத்ததால் நாற்பது குடும்பங்கள் வாசலில் வரிசையாக நின்றன. ஆனால் எனக்கு ஓர் ஏமாற்றம். அம்மாக்களே, சிரிக்காதீர்கள், உண்மையாகவே ஏமாற்றம். எல்லோரும் புதுத்துணி உடுத்தியிருந்தார்கள்! தலையில் பூ, நெற்றியில் பொட்டு, பிள்ளைகளின் காலில் புதுச் செருப்பு. சிறப்பு விருந்தினர் வரத் தாமதம்; வேனுக்குள் ஏசி போட்டு உட்கார்ந்தோம். அவர்கள் வெயிலில் நின்றார்கள். இரண்டு மணி நேரம் நின்றார்கள். யாரும் போகவில்லை. எப்படிப் போவார்கள்? வேலை கொடுக்கும் மேஸ்திரி வெற்றிலை மென்றுகொண்டு அங்கேயே நிற்கிறாரே!

விருந்தினர் வந்தார். படம் எடுக்க வேண்டும். முன்னால் ஒரு சிறுமி நின்றாள். ஒன்பது வயதிருக்கும். தங்கக்கரை போட்ட மஞ்சள் பாவாடை, பளபளவென்று சட்டை. மேஸ்திரியிடம் நான் சொன்னேன்: "இப்படிப் பளிச்சுனு நின்னா, உதவி வாங்குற மாதிரியே தெரியாதேய்யா." சொல்லிவிட்டு என்ன செய்தேன்? மூட்டையைப் பிரித்து, பூச்சி அரித்த ஸ்வெட்டர் ஒன்றை எடுத்து, பட்டப்பகல் வெயிலில், அந்தப் பிள்ளையின் புதுச்சட்டைமேல் என் கையாலேயே மாட்டிவிட்டேன். மற்ற பிள்ளைகளுக்கும் மாட்டச் சொன்னேன். பாவாடை தெரியாமல் இழுத்துவிட்டேன். கையில் கருகிய கேக்கைக் கொடுத்து, "சிரிம்மா" என்றேன். அவள் சிரிக்கவில்லை. படம் நன்றாக வந்தது.

அந்தப் படந்தான் இந்தத் தாளுக்குப் பின்னால் இருக்கிறது.

போன வாரம் பேனர் என் வீட்டுக்கு வந்தது. வாசலில் விரித்து அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் மாடியில் குப்பை எடுக்கும் அம்மா வந்தார். நாலு வருடமாக என் வாசலுக்கு வருகிறவர். அவர் பெயர் மலர்க்கொடி என்று அன்றுதான் எனக்குத் தெரியும். படத்தையே பார்த்தார்.

"சார், இதுல என் பொண்ணு கீது. எடுத்துடு சார்."

"நல்லாத்தானே வந்திருக்கு?" என்றேன் நான். சபையோரே, அப்போதும் எனக்கு உறைக்கவில்லை!

"இன்னா நல்லா வந்துகீது? மூணு மாசம் சீட்டு கட்டி எடுத்த பாவாட சார் அது. ஒரு போட்டோல கூட அது தெரியல. அன்னிக்கு பீச்சுக்குப் போவ நாலு வூட்டுக்காரங்க சேந்து குட்டியானை வண்டி சொல்லி வெச்சிருந்தோம். வண்டிக்காரன் பன்னெண்டு மணி வரைக்கும் பாத்துகினு இருந்துட்டு வேற சவாரிக்குப் பூட்டான். கட்டி வெச்ச புளிசோத்த மாடிப்படில குந்திகினு துன்னோம். வருஷத்துக்கு ஒரு நாளு சார் எங்களுக்கு, அதுவும் காலைல குப்ப எடுத்தப்பறம் அர நாளுதான். போகிக்கு லீவு இல்ல, பொங்கலுக்கு லீவு இல்ல, உங்க குப்ப ரெட்டிப்பா இருக்கும். அந்த ஒரு நாளையும் நீங்க வந்து வாங்கிகினு பூட்டீங்க."

அவர் கத்தவில்லை. திட்டவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய்விட்டார். அவர்களுடைய கடற்கரையைக் கெடுத்துவிட்டு, அதே மதியம் எண்ணூர் மணலில் உட்கார்ந்து நல்ல கேக்கைத் தின்றவர்கள் நாம்! கொடுக்கப் போனோமா, பறிக்கப் போனோமா? கொடுத்தது எதை? பறித்தது எதை? கேட்டோமா, ஒரு வார்த்தை கேட்டோமா, 'இன்றைக்கு வரலாமா' என்று?

வெட்கம் தாங்காமல், மறுநாள் மாலை மனைவியோடு எம்.கே.பி. நகர் போனேன். அவள் புதிதாகக் கேக் செய்து எடுத்துவந்தாள். மலர்க்கொடியின் கணவர் துரை கதவைத் திறந்தார். என்னைக் கண்டதும் என்ன தப்பு நடந்துவிட்டதோ என்று பதறினார். மன்னிப்புக் கேட்க வந்தவனுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உள்ளிருந்து அந்தப் பிள்ளை வந்தாள். மகிழினி என்று பெயர். என்னைப் பார்த்தாள். யாரும் சொல்லாமலே போய்ச் சுவரோரம் நின்றாள். கையைத் தொங்கவிட்டு, நேராக நிமிர்ந்து நின்றாள்.

"ஸ்வெட்டரு போட்டுக்கணுமா சார்?" என்றாள்.

மன்னியுங்கள். கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

என் மனைவி அந்தப் பிள்ளையைப் போய்க் கட்டிக்கொண்டாள். எனக்கு அந்தத் துணிவு வரவில்லை. எழுந்து நின்று, "ஒரு வேன் பிடிக்கிறேன், எல்லோரையும் நானே கடற்கரைக்குக் கூட்டிப்போகிறேன்" என்று உளறினேன். பாருங்கள், அங்கேயும் வள்ளலாகவே நிற்கப் பார்த்தேன்!

மலர்க்கொடி சொன்னார்: "அதெல்லாம் வேணாம் சார். உன் கூட வந்தா நாங்க உனுக்குத்தான் சிரிக்கணும். காணும் பொங்கலுக்கு முழு நாளு லீவு வுடச் சொல்லு. எங்களுக்குப் போவத் தெரியும்."

கேக்கை வாங்கிக்கொண்டார். பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

அவையோரே! அரை நாள் விடுப்பு ஏன் முழு நாள் ஆகவில்லை தெரியுமா? மேஸ்திரியிடம் கேட்டேன். அன்று காலை குப்பை எடுக்காவிட்டால் புகார் வருகிறதாம். புகாரில் முதல் கையெழுத்து யாருடையது? செயலாளர் ஆறுமுகநயினாருடையது! தலைவர் தலையைக் குனிகிறார். குனிய வேண்டாம் அண்ணே, உங்கள் கையெழுத்து இரண்டாவதுதான்.

ஆகவே கேட்கிறேன். வரும் பொங்கலில், போகி முதல் காணும் பொங்கல் வரை, நம் குப்பையை நாமே கட்டி, நாமே இறக்கி, நாமே தெருமுனைத் தொட்டியில் சேர்ப்போமா? நாற்றம் என்று மூக்கைப் பொத்தாமல், நாள்தோறும் அவர்கள் நடக்கும் படிகளில் நாமும் ஒருமுறை நடப்போமா? ஏழைக்கு இரங்குகிறோம், ஏழைக்கு வழங்குகிறோம் என்று இனியும் முழங்குவதை விட்டு, எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுப்போமா?

இரண்டாவது வரிசையில் அப்சல் தம்பி கையைத் தூக்குகிறார். நன்றி தம்பி. மூன்று, நான்கு... போதும் என்று சொல்ல மாட்டேன். தூக்காதவர்கள் வீட்டுக்குப் போய் யோசியுங்கள். உங்கள் வாசல் வாளியை அன்று நான் வந்து எடுத்துக்கொள்கிறேன். எனக்கு அந்த வேலை வேண்டியதுதான்.

தலைவர் அவர்களே, பட்டத்தை வாங்காமல் இறங்குகிறேன், பொறுத்தருளுங்கள். நேரம் தந்த பெரியோர்க்கும், நெஞ்சு பொறுத்த தாய்மாருக்கும் நன்றி. வெளியே துடைப்பத்தோடு நிற்கும் துரை அவர்களே, மலர்க்கொடி அம்மா அவர்களே, உள்ளே நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் வாருங்கள் என்று இப்போது நான் அழைத்தால், எல்லோர் கண்ணுக்கும் முன்னால் வந்தே தீர வேண்டும் உங்களுக்கு. அதனால் அழைக்கவில்லை. விழா முடிந்தது. இன்று இந்தப் பந்தலை நாங்கள் பெருக்குகிறோம். நீங்கள் வீட்டுக்குப் போகலாம். வணக்கம்.