ஒரே பெயரில் இரண்டு பெட்டி

அலுமினியப் பெட்டிக்குள் வெற்றிலைச் சுண்ணாம்பை வைக்கக் கூடாது. ஈரம் பட்டால் அந்த இடம் கறுத்து, அரித்து, கடைசியில் ஓட்டை விழும். திருப்பாதிரிப்புலியூரில் என் கடைக்கு வருகிற எல்லாரிடமும் இதைச் சொல்லித்தான் பெட்டியைக் கொடுப்பேன். இன்ஸ்பெக்டர் ஐயா, நடந்ததை முதலிலிருந்து எழுதச் சொன்னீர்கள். எனக்கு முதல் என்பது பெட்டிதான். அதனால் அங்கே தொடங்குகிறேன்.

என் பெயர் அபுபக்கர். அத்தாவும் அம்மாவும் போனபோது எனக்கு இருபது வயது, தங்கை சைனம்புவுக்கு ஒன்பது. நான்தான் வளர்த்தேன். அவளுக்காகவே கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்துவிட்டேன். அறுபத்தொன்றில் அவளை ஜமாலுதீனுக்குக் கட்டிக் கொடுத்தேன். நல்ல மனிதர், உறவென்று யாருமில்லாதவர், குறை சொல்ல ஒன்றுமில்லை. நாலாம் மாதமே மலேயாவுக்குக் கிளம்பினார். ஈப்போவில் ஒரு மளிகைக் கடையில் வேலை. இரும்பு டிரங்கு கடல் காற்றில் துருப்பிடிக்கும் என்பதால் அலுமினியத்தில் ஒன்று செய்து கொடுத்தேன். மூடியில் அவர் பெயரைப் புள்ளி புள்ளியாகக் கொத்தினேன். அன்று ஆணி தீர்ந்துவிட்டதால் வலது மூலையில் மட்டும் ஒரு செம்பாணி அடித்தேன்.

பெண் தனியாக இருக்கும் வீட்டுக்குத் தபால்காரர் வந்து நிற்க வேண்டாம் என்று ஜமாலுதீன் கடை விலாசத்துக்கே கடிதம் போடுவார். முதல் கடிதத்தை அண்ணன் என்ற முறையில் நான் பிரித்துப் படித்தேன். வீடு பார்த்துவிட்டதாகவும், சைனம்புவைக் கப்பலேற்றி அனுப்பும்படியும் எழுதியிருந்தார். அன்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பத்து நிமிடம் உட்காருவேன், எழுந்து தெருவுக்குப் போவேன், திரும்பி வருவேன். சாயங்காலம் அந்தக் கடிதத்தை ஒரு சின்னப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். பிறகு வந்தவற்றையும் அதிலேயே போட்டேன். மொத்தம் முப்பத்தொன்று. முதலாவதைத் தவிர எதையும் பிரிக்கவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் படிக்கும் பழக்கம் எனக்கில்லை.

சைனம்பு தினமும் எனக்குச் சோறு கொண்டுவருவாள். தபால்காரர் வந்து போகிற நேரமாகப் பார்த்து வருவாள். வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்றுகொண்டு, பட்டறை மேலும் கல்லாப் பெட்டி மேலும் கண்ணை ஓட்டுவாள். சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். இது ஒன்றரை வருஷம் நடந்தது. ஒரு சின்னப் பெண் அப்படிக் காத்துக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு எந்த அண்ணனால் இருக்க முடியும்? பதினோரு மணி ஆனாலே எனக்கு இருப்புக் கொள்ளாது. வெட்டவேண்டிய தகட்டைக் கோணலாக வெட்டிவிடுவேன். எனக்கு வயிறு எரிந்தது ஐயா. அவள் காத்திருப்பதை எப்படியாவது முடித்துவைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

கப்பலேறிப் போனவர்களின் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே ஒருவர் இறந்தால், கூட இருந்தவர்கள் அவர் துணிமணிகளை அவர் பெட்டியிலேயே வைத்து, ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்தனுப்புவார்கள். ஆள் வராமல் பெட்டி மட்டும் வந்தால், விஷயம் என்னவென்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

அதே அளவில், அதே பெயரைக் கொத்தி, அதே மூலையில் செம்பாணி அடித்து இன்னொன்று செய்தேன். அதைப் பழசாக்குவதுதான் பெரும்பாடு. இரும்பானால் துருவே வயதைச் சொல்லிவிடும். ஈரச் சுண்ணாம்பைத் தடவித் தடவி மினுமினுப்பை எடுத்தேன். முதுநகர்ப் பக்கம் உப்பனாற்றில் இருபது நாள் கட்டிப்போட்டேன். செம்பாணியைச் சுற்றி வெள்ளையாகப் பொரிந்து வந்தது. நாகப்பட்டினம் போய்ப் பழைய கைலி இரண்டும் ஒரு தொப்பியும் வாங்கி உள்ளே வைத்தேன். கப்பலில் வந்த ஒருவர் கொடுத்தார், ஈப்போவில் காய்ச்சலாம், அங்கேயே அடக்கமாம் என்று வீட்டில் கொண்டுவந்து இறக்கினேன். ஈப்போவில் எங்கள் ஊர்க்காரர்கள் வேறு யாரும் இல்லை.

ஜமாஅத்துப் பெரியவர்கள் வந்தார்கள். "அபுபக்கரு, நல்லாப் பாத்துச் சொல்லுப்பா. இது நீ செஞ்ச பொட்டிதானா?" என்று கேட்டார்கள்.

"என் கைவேலதாங்க" என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை.

சைனம்பு மூடியிலிருந்த பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். அப்புறம் பெட்டி மேலேயே விழுந்துவிட்டாள். நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வராமல் இத்தா இருந்தாள். அந்த நாட்களில் அவள் கடைக்கு வரவில்லை. நான் ஓட்டலில் சாப்பிட்டேன். வேலை ஒழுங்காக நடந்தது.

இளம் விதவையை எத்தனை நாள் வீட்டில் வைத்திருப்பாய் என்று ஊர் கேட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? சிதம்பரத்தில் ஜவுளிக் கடை வைத்திருந்த அப்துல் மாலிக்குக்கு மனைவி தவறியிருந்தாள். பேசி முடித்தோம். சிதம்பரம் ஒன்றும் கடல் தாண்டிய ஊரில்லை, காலையில் ரயிலேறினால் பகல் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். வாராவாரம் போய்வந்தேன். ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தையின் சட்டைகளை ஜமாலுதீன் பெயர் கொத்திய அந்தப் பெட்டியில்தான் மடித்து வைத்திருந்தாள். மாலிக் ஒன்றும் சொல்ல மாட்டார், தங்கமான மனிதர்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணிக்கு, ரயிலிறங்கி நேராக ஜமாலுதீன் கடைக்குள் வந்தார். கையில் அவர் பெட்டி.

"மச்சான், சைனம்பு எப்டி இருக்கா? ஒரு லெட்டருக்குக்கூடப் பதில் போடலியே, கோவமா? இந்தத் தேதிக்கு வர்றேன்னுகூட எழுதியிருந்தேனே."

கடைசிக் கடிதத்தைப் பிரித்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். "ஒக்காருங்க மச்சான், டீ சொல்றேன்" என்றேன்.

நான் நிதானமாகத்தான் யோசித்தேன். இவர் சிதம்பரம் போனால் என் தங்கை இரண்டு புருஷன்காரி ஆவாள். குழந்தைக்குப் பேர் கெடும். மாலிக் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. இவருக்கோ ஊரே ஃபாத்திஹா ஓதி முடித்து ஐந்து வருஷம் ஆகிறது. சைனம்புவுக்கு வாங்கிவந்த சேலையைக் காட்டுகிறேன் என்று அவர் குனிந்து பெட்டியைத் திறந்தார். எங்கள் கடையில் சுத்தியல் சத்தம் கேட்டால் தெருவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மூன்று அடி. சேலையில் ஒரு துளி படவில்லை.

உப்பனாற்றில் நீங்கள் எடுத்ததைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. சட்டைப் பையிலிருந்த பாஸ்போர்ட்டை நான் பார்க்கவில்லை. அவர் கொண்டுவந்த பெட்டியையாவது உடைத்துப் போட்டிருக்கலாம். ஏழு வருஷம் கடல் தாண்டி இருந்து வந்தும் ஓர் இணைப்பு விடவில்லை ஐயா, உடைக்க மனசு வரவில்லை. கடையிலிருந்து ஒன்றும் சிதம்பரத்திலிருந்து ஒன்றுமாக இரண்டையும் நீங்கள் மேசைமேல் வைத்தபோது, எதை முதலில் செய்தேன் என்று எனக்கே கொஞ்ச நேரம் குழப்பமாகிவிட்டது.

நேற்று சைனம்பு ஸ்டேஷனுக்கு வந்தாள், இடுப்பில் குழந்தையோடு. பெட்டி விஷயமும் சுத்தியல் விஷயமும் உங்கள் ஆட்கள் சொல்லி அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அண்ணே, அவுங்க எனக்கு ஒரு லெட்டராச்சும் போட்டாங்களா?"

"இல்லம்மா" என்றேன். "ஒண்ணுகூட வரல."

அவள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த முப்பத்தொரு கடிதங்களும் பட்டறைக்குப் பின்னால், வெட்டிப்போட்ட துண்டுத் தகடுகளுக்கு அடியில் இருக்கின்றன. உங்கள் ஆட்கள் இன்னும் அங்கே தேடவில்லை. எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவளிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள். நான் வளர்த்த பிள்ளை. அவள் மனம் நோகும்படி நான் ஒருநாளும் எதுவும் செய்ததில்லை.